பூசு மருந்தின் பாதி வேலை அதன் பேஸில்தான்

பீட்டாமெத்தசோன் டைப்ரோபியோனேட் என்று ஒரு ஸ்டீராய்டு உண்டு. தோல் அழற்சிக்குப் பூசுவது, 0.05 சதவீத அளவில் பல வடிவங்களில் வருகிறது. பூசும் ஸ்டீராய்டுகளை அமெரிக்காவில் வீரியத்தின்படி ஏழு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு எல்லாவற்றிலும் வலியது. இந்த ஒரே மருந்து லோஷனாக வந்தால் ஐந்தாம் வகுப்பு. கிரீமாக வந்தால் மூன்று, களிம்பாக வந்தால் இரண்டு. புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானைச் சேர்த்து மேம்படுத்திய பேஸில் களிம்பாக வந்தால் ஒன்றாம் வகுப்பிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. டியூபின் மேல் அச்சிட்ட எண் நான்கிலும் 0.05தான்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும்தான் பார்க்கிறார்கள். மீதி 99.95 சதவீதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. மருந்தாக்கத் துறையினர் பேஸ் என்று சொல்வது அந்த மீதியைத்தான். மருந்து தோலுக்குள் போகுமா, எவ்வளவு போகும், எவ்வளவு நேரம் தங்கும், தோல் ஈரமாக இருக்குமா உலருமா என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானிப்பது அதுதான். மருந்தே இல்லாத வெறும் பேஸ்கூட வறண்ட தோலைக் குணப்படுத்தும். தவறான பேஸ் நல்ல மருந்தையும் வீணாக்கும்.

தோல் விடுவதும் தடுப்பதும்

தோலின் மேற்பரப்பில் இருக்கும் கொம்புப் படலம் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான். ஒரு தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வராது. ஆனால் உடலுக்குள்ளிருக்கும் நீர் வெளியே போகாமலும், வெளியிலிருக்கும் பொருள்கள் உள்ளே வராமலும் தடுக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது இந்த மெல்லிய படலம்தான். அதன் அமைப்பைச் செங்கல் சுவர் என்று விளக்குவது துறையின் வழக்கம். இறந்து தட்டையாகிப்போன செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையே நிரம்பியிருக்கும் கொழுப்பு சாந்து. அந்தக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி செராமைடு. மீதியில் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் அடங்கும். வெளியிலிருந்து வரும் மருந்து பெரும்பாலும் இந்தச் சாந்தின் வழியாகவே வளைந்து நெளிந்து இறங்க வேண்டும்.

அப்படி இறங்க மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும். மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு டால்டன்; அது 500-ஐத் தாண்டினால் நல்ல தோலுக்குள் புகுவது மிகக் கடினம் என்ற விதியை 2000-இல் போஸ், மைனார்டி என்ற இருவர் முன்வைத்தார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 362 டால்டன், தாராளமாகப் போகும். இன்சுலின் 5,800-ஐ ஒட்டி வரும். கொலாஜன் மூன்று லட்சம் டால்டன். கொலாஜன் கிரீம் பூசினால் அது தோலுக்குள் போய்ச் சேர்ந்து இளமையைத் தரும் என்று யாராவது சொன்னால் இந்த எண்களை நினைத்துக்கொண்டால் போதும். அது மேலே ஒரு மெல்லிய ஏடாக இருந்து ஈரத்தைக் காக்கலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. மூலக்கூறு ஓரளவு எண்ணெயிலும் ஓரளவு நீரிலும் கரைய வேண்டும். எண்ணெயில் மட்டும் கரைவது கொழுப்புச் சாந்திலேயே மாட்டிக்கொள்ளும். நீரில் மட்டும் கரைவது சாந்துக்குள் நுழையவே நுழையாது.

பேஸ் இங்கேதான் உள்ளே வருகிறது. மருந்து பேஸை விட்டுத் தோலுக்குத் தாவ வேண்டும். பேஸில் அது மிகத் தாராளமாகக் கரைந்திருந்தால் அங்கேயே இருந்துவிடும், தோலுக்குப் போக அதற்கு உந்துதல் இருக்காது. கரைதிறனின் விளிம்பில், அதாவது இன்னும் கொஞ்சம் சேர்த்தால் கரையாது என்ற நிறைநிலையில் இருக்கும்போதுதான் உந்துதல் மிக அதிகம். டகேரு ஹிகுச்சி என்ற மருந்தியல் அறிஞர் 1960-களின் தொடக்கத்தில் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் களிம்பு செய்வது கைப்பழக்கம் என்ற நிலையிலிருந்து கணிதம் உள்ள துறையாக மாறியது. மருந்தை நன்றாகக் கரைக்கும் கரைப்பானை அள்ளி ஊற்றினால் மருந்து நன்றாக வேலை செய்யும் என்றுதான் நமக்குத் தோன்றும். பல நேரம் நடப்பது நேர்மாறு. முதலில் சொன்ன பீட்டாமெத்தசோனில் புரோப்பிலீன் கிளைக்காலின் அளவை அவ்வளவு கவனமாக அமைத்திருப்பதும் இதனால்தான். அது மருந்தைத் தேவையான அளவுக்குக் கரைக்கிறது, தோலுக்குள்ளும் கொஞ்சம் புகுந்து வழிவிடுகிறது.

உடலில் எந்த இடம் என்பதும் முக்கியம். 1967-இல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் பல இடங்களில் பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையின் உட்புறத்தை 1 என்று வைத்தால் நெற்றி 6, தாடை 13, விதைப்பை 42. உள்ளங்கால் 0.14. ஒரே களிம்பை முகத்திலும் காலிலும் ஒரே மாதிரிப் பூசக் கூடாது என்று தோல் மருத்துவர்கள் வற்புறுத்துவதற்குப் பின்னால் இந்த எண்கள் இருக்கின்றன. முகத்தில் வலுவான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசித் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும் நிலைக்கு வருகிறவர்கள் உண்டு. கைக்குக் கொடுத்த மருந்தை முகத்துக்கு எடுத்துக்கொள்வது சின்ன விஷயமாகத் தெரியலாம். உள்ளே போகும் அளவோ பல மடங்கு.

கொழுப்பு பேஸ்

இருப்பதிலேயே எளியது வெள்ளை சாஃப்ட் பாரஃபின், அதாவது வாஸ்லின். ராபர்ட் செஸ்ப்ரோ 1872-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். இது தோலுக்குள் மருந்தாக எதுவும் செய்வதில்லை. மேலே மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த மூடுதலே பெரிய காரியம். தோல் வழியாக நீர் ஆவியாகிப் போவதை இது 98 சதவீதம் வரை தடுக்கும். நீர் உள்ளேயே தங்கினால் கொம்புப் படலம் ஊறி உப்பும், மருந்து இறங்க வழி இளகும். களிம்பு கிரீமைவிட வலுவாக வேலை செய்வதற்கு முக்கியக் காரணம் இந்த மூடல். ஸ்டீராய்டு பூசிய இடத்தை பிளாஸ்டிக் தாளால் சுற்றினால் மருந்து உள்ளே போவது பத்து மடங்கு வரைகூட உயரலாம். குழந்தைக்கு டயப்பருக்குள் ஸ்டீராய்டு பூசினால் டயப்பர் இதே வேலையைச் செய்துவிடும். அதை வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

களிம்பில் நீர் இல்லை. அதனால் அதில் கிருமி வளர இடமில்லை, கெடாமல் காக்கும் பதப்படுத்தி என்ற பொருளைச் சேர்க்கத் தேவையில்லை, ஒவ்வாமை வரும் வாய்ப்பும் குறைவு. குறை என்னவென்றால் பிசுபிசுப்பு. துணியில் ஒட்டும், முடியுள்ள இடத்தில் அப்பிக்கொள்ளும், கசியும் புண்ணில் ஒட்டவே ஒட்டாது. நோயாளி பூசாமல் விட்டுவிடுகிற களிம்பு எவ்வளவு சிறந்ததாக இருந்தும் பயனில்லை. ஆகவே இரவில் களிம்பு, பகலில் கிரீம் என்று மருத்துவர் பிரித்துக் கொடுத்தால் அது நியாயமான ஏற்பாடு.

ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் இன்னொரு பழைய பேஸ். இது தன் எடையைப் போல் இரண்டு மடங்கு நீரை வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து ஐசக் லிஃப்ஷுட்ஸ் பிரித்தெடுத்த யூசெரிட் என்ற பால்மமாக்கியை, அதாவது எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் பொருளை, வைத்துத்தான் 1911-இல் நிவியா கிரீம் வந்தது.

கிரீம் என்ற பால்மம்

எண்ணெயும் நீரும் சேராது. சேர்த்து வைப்பதுதான் கிரீம். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த காலன், தேன்மெழுகை ஆலிவ் எண்ணெயில் உருக்கி, ரோஜா நீரைச் சேர்த்து அடித்த ஒரு கலவையை விட்டுச் சென்றிருக்கிறார். பூசியதும் நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தந்ததால் கோல்டு கிரீம் என்ற பெயர் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அது சீக்கிரம் பிரிந்துவிடும். அதில் வெண்காரம் சேர்த்தபோதுதான் நிலைத்தது. தேன்மெழுகில் உள்ள செரோடிக் அமிலம் வெண்காரத்தோடு வினைபுரிந்து ஒரு சோப்பாகிறது. அந்த சோப்பு எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே நின்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது.

பால்மத்தில் இரண்டு வகை. நீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதந்தால் அது மெல்லிய கிரீம். சீக்கிரம் தேய்ந்து மறையும், நீரில் கழுவிவிடலாம். எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் அடைபட்டிருந்தால் அது கனமான கிரீம். தோலில் தங்கும், மூடும். எது உருவாகும் என்பதைப் பால்மமாக்கியின் குணம் பெருமளவு தீர்மானிக்கிறது. நீரை விரும்பும் பகுதியும் எண்ணெயை விரும்பும் பகுதியும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதற்கு வில்லியம் கிரிஃபின் 1949-இல் ஓர் எண் அளவுகோலைக் கொடுத்தார். எண் குறைந்தால் எண்ணெய்க்குள் நீர், கூடினால் நீருக்குள் எண்ணெய். இன்றும் புதிய கிரீம் செய்ய உட்காருகிறவர்கள் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறார்கள்.

செய்முறையில் ஒரு சின்ன ஒழுங்கு இருக்கிறது. எண்ணெய்ப் பகுதியில் அதிக வெப்பத்தில் உருகும் மெழுகை முதலில் உருக்கி, அப்புறம் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். எல்லாவற்றையும் முதலிலேயே ஒன்றாகக் கொதிக்க வைத்தால் வெப்பம் தாங்காதவை கெடும். நீர்ப் பகுதியையும் எண்ணெய்ப் பகுதியையும் ஏறக்குறைய 70 டிகிரியில், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போதுதான் கலக்க வேண்டும். நீர் ஆறியிருந்தால் மெழுகு பட்டவுடன் உறைந்து நறநறவென்று ஆகிவிடும். கலந்த பிறகு ஆறும்வரை மெதுவாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக அடித்தால் காற்று புகுந்து கிரீம் நுரைத்துப்போகும்.

நீர் இருக்கும் இடத்தில் கிருமியும் வரும். ஆகவே கிரீமுக்குப் பதப்படுத்தி தேவை. மருந்தாக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இதில் இருக்கிறது. பாராபென் என்ற பதப்படுத்திகள் எண்ணெயிலும் நன்றாகக் கரைகிறவை. பால்மத்தில் போட்டதும் அவற்றில் பெரும்பகுதி எண்ணெய்த் துளிகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கிருமி வளர்வதோ நீரில். மொத்தமாகப் பார்த்தால் போதுமான அளவு போட்டாகிவிட்டது, ஆனால் தேவையான இடத்தில் இல்லை. போதாக்குறைக்கு சில பால்மமாக்கிகள் பாராபெனைத் தங்களோடு கட்டிவைத்துச் செயலிழக்கச் செய்துவிடும். கிரீமில் எவ்வளவு பதப்படுத்தி இருக்கிறது என்பதைவிட, நீர்ப் பகுதியில் கட்டுப்படாமல் எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. இதனால்தான் புதிய கிரீமில் வேண்டுமென்றே கிருமிகளை விட்டு, அவை எத்தனை நாளில் அழிகின்றன என்று பார்க்கும் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அதைக் கணக்குப் போட்டு மட்டும் தீர்க்க முடியாது.

பதப்படுத்தியே வினையாவதும் உண்டு. மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற ஒன்று ஐரோப்பாவில் ஏராளமானோருக்குத் தொடு ஒவ்வாமையைக் கொண்டுவந்தது. கழுவாமல் தோலில் விட்டுவைக்கும் அழகுப் பொருள்களில் அதைச் சேர்க்க 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது.

பால்மமாக்கியும் குற்றமற்றதல்ல. பிரிட்டனில் பல பத்தாண்டுகள் வறண்ட தோலுக்கும் எக்சிமாவுக்கும் எளிதாகக் கிடைத்த அக்வியஸ் கிரீமில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தது. சோப்பு, ஷாம்புகளில் நுரைக்காகப் போடுவதும் அதுதான். கழுவிவிடும் சோப்பாகப் பயன்படுத்தினால் பெரிய தொந்தரவில்லை. தோலிலேயே விட்டு வைத்தால் கொம்புப் படலத்தை மெலிய வைத்து நீர் இழப்பைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டின. குறிப்பாக எக்சிமா உள்ள குழந்தைகளுக்கு எரிச்சல் வரலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரித்தது. வறட்சிக்கு என்று கொடுத்த கிரீம் வறட்சியைக் கூட்டிக்கொண்டிருந்தது. காரணமோ மருந்துப் பட்டியலில் இல்லாத ஒரு பேஸ் பொருள். மருந்தின் பெயரை மட்டும் படிப்பது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஜெல்லையும் லோஷனையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார்போமர் என்ற பாலிமரை நீரில் போட்டு, காரம் சேர்த்து அமிலத்தன்மையைச் சரிசெய்தால் அதன் இழைகள் விரிந்து நீரைக் கெட்டியாக்கிவிடும். அதுதான் பெரும்பாலான ஜெல். உப்பு பட்டால் அந்த இழைகள் சுருங்கிக் கூழ் நீர்த்துவிடும். வியர்வையில் உப்பு இருக்கிறது. ஆகவே தோலில் பட்டதும் ஜெல் சட்டென்று இளகிப் பரவுகிறது. லோஷன் தலைப்பகுதிக்கும் முடியுள்ள இடத்துக்கும் ஏற்றது. ஆல்கஹால் சேர்ந்திருந்தால் வெடித்த தோலில் கடுமையாக எரியும். ஆல்கஹால் ஆவியாகும்போது மீதியிருக்கும் கரைசலில் மருந்தின் செறிவு ஏறி, கொஞ்ச நேரம் நிறைநிலையையும் தாண்டும். அந்த நேரத்தில் மருந்து வேகமாக உள்ளே போகும், பிறகு படிகமாகிப் படிந்து நின்றுவிடும். டியூபிலோ புட்டியிலோ இருக்கும் மருந்தும், தேய்த்துப் பத்து நிமிடம் கழித்துத் தோலில் இருக்கும் மருந்தும் அமைப்பில் வேறு வேறு.

பசையும் அதற்குள் நடக்கும் வினையும்

களிம்பில் பாதிக்குப் பாதி பொடியைச் சேர்த்தால் பேஸ்ட். ஜெர்மன் தோல் மருத்துவர் ஆஸ்கர் லாஸர் பெயரால் வழங்கும் பேஸ்டில் துத்தநாக ஆக்சைடு 24 பங்கு, ஸ்டார்ச் 24 பங்கு, சாலிசிலிக் அமிலம் 2 பங்கு, வெள்ளை சாஃப்ட் பாரஃபின் 50 பங்கு. இது வழியாது, பூசிய கோட்டிலேயே நிற்கும். சோரியாசிஸுக்குத் தரும் டித்ரனால் நல்ல தோலில் பட்டால் எரிக்கும். அதனால் அதைப் பேஸ்டில் கலந்து தடிப்பின் மேல் மட்டும் வைப்பார்கள். பொடி நிறைய இருப்பதால் களிம்பைப் போல முழுக்க மூடாது, கொஞ்சம் கசிவையும் உறிஞ்சும்.

லாஸர் பேஸ்டுக்குள் ஒரு வேதிவினை நடக்கிறது. சாலிசிலிக் அமிலமும் துத்தநாக ஆக்சைடும் மெதுவாகச் சேர்ந்து துத்தநாக சாலிசிலேட் ஆகின்றன. தோலை உரிக்கும் சக்தி அமிலமாக இருக்கும்வரைதான், உப்பாகிவிட்டால் குறைந்துவிடும். ஆகவே பட்டியலில் 2 சதவீதம் என்று இருந்தாலும் தோலுக்குக் கிடைப்பது குறைவு. நன்றாக உரிய வேண்டிய இடத்துக்கு துத்தநாகம் இல்லாத களிம்புதான் பொருத்தம். பூஞ்சைக்குக் கொடுக்கும் விட்ஃபீல்டு களிம்பு அப்படிப்பட்டது. அதில் பென்சோயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம். நூறாண்டுக்கும் மேல் பழையது, இன்னும் வேலை செய்கிறது.

பவுடர்

களிம்பு, கிரீம் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி இருக்கும்போது பவுடரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. மருந்தாக்கத்தில் மிகவும் அலட்சியமாகப் பார்க்கப்படும் வடிவம் அது. ஆனால் தோல் மருந்துகளின் வரலாற்றில் மிகக் கொடிய விபத்துகளில் ஒன்று பவுடரில்தான் நடந்தது.

முதலில் அதன் வேலை. தோலும் தோலும் உரசும் அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் உராய்வைக் குறைப்பதும் ஈரத்தை வாங்குவதும் பவுடரின் இரண்டு பணிகள். இரண்டையும் ஒரே பொருள் செய்வதில்லை. டால்க், அதாவது நீரேறிய மெக்னீசியம் சிலிகேட், மோஸ் கடினத்தன்மை அளவில் 1-ஆம் இடத்தில் இருக்கும் கனிமம். அதன் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். வழவழப்பு அதில்தான் வருகிறது. ஆனால் நீரை அது உறிஞ்சாது. நீரை உறிஞ்ச ஸ்டார்ச் வேண்டும். ஸ்டார்ச் மட்டும் போட்டால் வியர்வையில் நனைந்து கட்டிதட்டும். துத்தநாக ஆக்சைடு சேர்த்தால் லேசான துவர்ப்புத் தன்மையும் எரிச்சலைத் தணிக்கும் குணமும் வரும். மெக்னீசியம் ஸ்டியரேட் தோலில் ஒட்டிக்கொள்ள உதவும். நல்ல பவுடர் என்பது இவற்றின் சமநிலை.

நுண்மை அடுத்தது. 100-ஆம் எண் சல்லடையில், அதாவது 150 மைக்ரான் கண்ணுள்ளதில், முழுதும் கடந்தாக வேண்டும் என்பது பழைய விதி. இல்லாவிட்டால் நறநறப்பு தெரியும்; உரசும் இடத்தில் அதுவே புண்ணாக்கும். கலப்பதும் நுணுக்கமான வேலை. 100 கிராம் டால்க்கில் 1 கிராம் மருந்தைக் கொட்டிக் கலக்கினால் சீராகப் பரவாது. 1 கிராம் மருந்தோடு முதலில் 1 கிராம் டால்க், பிறகு 2 கிராம், பிறகு 4 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். இந்தப் பொறுமையைத் தவிர்த்தால் டப்பாவின் ஒரு குலுக்கலில் மருந்தே இருக்காது, இன்னொரு குலுக்கலில் பத்து மடங்கு இருக்கும். கற்பூரமும் மெந்தாலும் சேர்க்க வேண்டியிருந்தால் இன்னொரு விஷயம். இரண்டும் தனித்தனியே திடப்பொருள். சேர்த்து அரைத்தால் உருகித் திரவமாகிவிடும். அந்தத் திரவத்தை ஸ்டார்ச்சோ மெக்னீசியம் கார்பனேட்டோ உறிஞ்ச விட்டு, அப்புறம்தான் மற்ற பொடிகளோடு சேர்க்க வேண்டும். இந்தக் குணமே வேறொரு மருந்தில் பலமாகிறது. லிக்னோகெயின் 2.5 சதவீதமும் பிரைலோகெயின் 2.5 சதவீதமும் சேர்ந்து சாதாரண வெப்பநிலையில் எண்ணெயாகிவிடும். ஊசி போடுமுன் தோலை மரத்துப்போகச் செய்யும் எம்லா கிரீம் இதை வைத்துச் செய்ததுதான்.

டால்க் மண்ணிலிருந்து தோண்டி எடுப்பது. மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கலாம். எனவே தோலில் தூவும் மருந்துப் பவுடரில் சேர்ப்பதற்கு முன் டால்க்கை உலர் வெப்பத்தில் கிருமி நீக்கம் செய்கிறார்கள். நீராவியில் செய்தால் பொடி நனைந்து கட்டியாகிவிடும். அப்படிச் செய்தபிறகும் திறந்த புண்ணில் டால்க் பவுடரைத் தூவக் கூடாது. அது கரையாது, உடல் அதைச் செரிக்காது. அதைச் சுற்றி முடிச்சுகள் உருவாகும். அறுவை சிகிச்சைக் கையுறைகளில் டால்க் தூவிய காலத்தில் வயிற்றுக்குள் இப்படிப்பட்ட முடிச்சுகள் வந்தன. அதனால் ஸ்டார்ச்சுக்கு மாறினார்கள். ஸ்டார்ச்சும் சிக்கல் தந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பவுடர் தூவிய மருத்துவக் கையுறைகளையே 2017 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது.

டால்க் இருக்கும் பாறைகளுக்கு அருகிலேயே ஆஸ்பெஸ்டாஸ் கிடைக்கும் என்பது இன்னொரு கவலை. சுரங்கத்தில் சரியாகப் பிரிக்காவிட்டால் இரண்டும் கலந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத டால்க்கையும் சேர்த்து, டால்க் மனிதரில் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-இல் வகைப்படுத்தியது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் டால்க் குழந்தைப் பவுடரை 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-இல் உலகம் முழுவதிலும் நிறுத்தி, சோள ஸ்டார்ச்சுக்கு மாறியது. புற்றுநோய் விவாதம் எப்படிப் போனாலும் குழந்தைக்குப் பவுடர் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. முகத்துக்கு அருகே டப்பாவைக் குலுக்கும்போது எழும் தூசு குழந்தையின் நுரையீரலுக்குப் போகிறது. மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, துத்தநாகக் களிம்பை ஒரு மெல்லிய ஏடாகப் பூசினால் அதே வேலை தூசில்லாமல் முடியும்.

இப்போது அந்த விபத்து. 1972-இல் பிரான்சில் மொரான்ஜ் என்ற குழந்தைப் பவுடரின் ஒரு தொகுப்பில் தயாரிப்புத் தவறால் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி 6 சதவீதத்துக்கும் மேல் கலந்துவிட்டது. அது நரம்பு மண்டலத்துக்கு நஞ்சு. இடுப்பிலும் பிட்டத்திலும் டயப்பர் மூடியிருக்க, தோல் சிவந்திருக்க, அந்த மருந்து பவுடரிலிருந்து ரத்தத்துக்குப் போனது. 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 36 பேர் இறந்தார்கள். பவுடர் உலர்ந்தது, தோலுக்கு மேலே நிற்பது, உள்ளே போகாது என்ற எண்ணத்தை அந்தக் குழந்தைகளின் மரணம் உடைத்தது. வெடித்த, ஊறிய, மூடிய தோலில் எந்த வடிவமும் உள்ளே போகும். கைக்குழந்தைக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

வீட்டில் கலப்பது

இரண்டு டியூபுகளை உள்ளங்கையில் கலந்து பூசுவது, ஸ்டீராய்டை மாய்ஸ்ச்சரைசரோடு சேர்த்து நீர்க்கச் செய்வது போன்றவை மிகச் சாதாரணமாக நடக்கின்றன. பீட்டாமெத்தசோன் 17-வேலரேட் கிரீமைக் காரத்தன்மை உள்ள கிரீமோடு கலந்தால் மூலக்கூறில் ஒரு தொகுதி இடம் மாறி 21-வேலரேட் ஆகிவிடும். அதன் வீரியம் மிகவும் குறைவு. கலந்ததில் பதப்படுத்தி பாதியாகும், பால்மமும் உடையலாம். பாதிக்குப் பாதி கலந்தால் வீரியம் பாதியாகும் என்ற கணக்கும் பொய். மருந்து நிறைநிலையில் இருக்கும் கிரீமில் அளவைக் குறைத்தாலும் உந்துதல் பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். கலக்காமல் ஒன்றைப் பூசி, அது தோலில் படிந்தபிறகு கொஞ்ச நேரம் விட்டு மற்றதைப் பூசுவதே நல்லது.

ஒன்றுக்கொன்று சமமா என்று அளப்பது

மாத்திரையில் ஒரு கம்பெனியின் மருந்து இன்னொன்றுக்குச் சமமா என்று பார்க்க ரத்தத்தில் அளவிடலாம். பூசு மருந்து ரத்தத்தில் பெரிதாகத் தெரியாது. ஸ்டீராய்டுக்கு ஒரு வழியை 1962-இல் மெக்கன்சியும் ஸ்டௌட்டனும் கண்டுபிடித்தார்கள். ஸ்டீராய்டு பட்டால் தோலின் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கி அந்த இடம் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு உள்ளே போனது என்று ஊகிக்கலாம். முதலில் சொன்ன ஏழு வகுப்புகளும் இந்தச் சோதனையைப் பெருமளவு நம்பியே அமைந்தவை. மற்ற மருந்துகளுக்கு 1975-இல் தாமஸ் ஃபிரான்ஸ் பெயரில் வந்த கண்ணாடிக் கலம் உதவுகிறது. நடுவே தோலையோ செயற்கைச் சவ்வையோ வைத்து, மேலே மருந்தைப் பூசி, கீழே எவ்வளவு வருகிறது என்று மணிக்கணக்கில் அளப்பார்கள்.

இதனால் ஜெனரிக் கிரீமில் பொருள்கள் மட்டும் பொருந்தினால் போதாது. மருந்துத் துகளின் அளவும் படிக வடிவமும், கிரீமின் கெட்டித்தன்மையும், அதன் நுண் அமைப்பும் பொருந்த வேண்டும் என்று கட்டுப்பாட்டு அமைப்புகள் கேட்கின்றன. ஒரே பொருள்களை ஒரே அளவில் போட்டு, ஆறவைக்கும் வேகத்தை மட்டும் மாற்றினாலும் வேறு கிரீம் வரும். சூடான வண்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்து உருகி உறைந்த டியூபில், நீர் கக்கி எண்ணெய் மிதந்தால் அதைப் பூசாமல் எறிந்துவிடுங்கள். மருந்து இன்னும் இருக்கலாம், ஆனால் சீராக இருக்காது.

எவ்வளவு பூசுவது என்பதற்கு லாங், ஃபின்லே என்ற இருவர் 1991-இல் ஓர் எளிய அளவு தந்தார்கள். 5 மில்லிமீட்டர் வாயுள்ள டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் ரேகைவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களும் சேர்த்த இரண்டு உள்ளங்கைகளின் பரப்புக்கு அது போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் இப்படி இரண்டரை விரலளவு, ஒரு முழு காலுக்கு ஆறு, ஒரு பாதத்துக்கு இரண்டு. பெரியவர் ஒருவரின் உடல் முழுவதும் ஒருமுறை பூச 20 கிராம் வரை ஆகும். ஆகவே 15 கிராம் டியூப் ஒரு வாரம் வந்ததென்றால், உடல் முழுக்க எக்சிமா உள்ளவர் போதுமான அளவு பூசவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பாரஃபின் மட்டுமல்ல, எந்த மாய்ஸ்ச்சரைசரை அதிகமாகப் பூசுகிறவரும் நெருப்பிடம் கவனமாக இருக்க வேண்டும். துணியிலும் படுக்கையிலும் ஊறிக் காய்ந்த எச்சம் இருந்தால் துணியில் தீ வேகமாகப் பற்றும் என்றும், துவைத்தாலும் முழுக்கப் போவதில்லை என்றும் பிரிட்டனின் அதே கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்திருக்கிறது. படுக்கையில் புகைபிடிக்கும் பழக்கம் உள்ளவர் வீட்டில் இருந்தால் இதை அவரிடம் நேராகவே சொல்லிவிடுவது நல்லது.